மலப் பரிசோதனை: குப்பிக்கு முன்னும் பின்னும்

இங்கிலாந்தில் 50 வயதைத் தாண்டியவருக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தபாலில் ஒரு உறை வந்து சேர்கிறது. உள்ளே ஒரு சிறிய பிளாஸ்டிக் குப்பி, அதன் மூடியோடு சேர்ந்த ஒரு குச்சி, திருப்பி அனுப்புவதற்கு இன்னோர் உறை. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதற்கான ஏற்பாடு இது. ஸ்காட்லாந்து, நெதர்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலும் இதே முறைதான். கனடாவின் ஒன்டாரியோவிலும் சிங்கப்பூரிலும் கிட் கைக்கு வரும் வழி மட்டும் வேறு. இவற்றில் பல, தமிழர்கள் கணிசமாக வாழும் இடங்கள். பிரிட்டனில் இந்த உறையைத் திருப்பி அனுப்புவோரின் விகிதம் தெற்காசியரிடையே மற்றவர்களைவிடக் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அருவருப்பு ஒரு காரணம். “எனக்கு ஒன்றும் இல்லையே” என்ற எண்ணம் இன்னொன்று. “இதெல்லாம் எவ்வளவு சரியாகச் சொல்லும்?” என்ற சந்தேகம் மூன்றாவது. கேட்பதற்கு அறிவார்ந்த கேள்வியாக இருப்பதால் இந்த மூன்றாவதுதான் பலரையும் தடுத்துவிடுகிறது. ஆனால் ஒரு குப்பியின் துல்லியத்தை மட்டும் வைத்து இந்தப் பரிசோதனையை எடைபோட முடியாது. அடுத்த முறை உறை வரும்போதும் செய்வீர்களா, பாசிட்டிவ் என்று வந்தால் கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோபிக்குப் போவீர்களா என்ற இரண்டும்தான் இதன் பலனைத் தீர்மானிக்கின்றன. இதுவரை நடந்த பெரிய ஆய்வுகளைச் சேர்த்துவைத்துப் பார்த்தால் இந்த முடிவுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

முதலில் இது வேலை செய்யும் விதம். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகின்றன. அது புற்றாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். வளர்ந்த பாலிப்பும் தொடக்கநிலைப் புற்றும் அவ்வப்போது கொஞ்சம் ரத்தம் கசியும். இந்த “அவ்வப்போது” முக்கியம், பின்னால் இதற்குத் திரும்ப வருவோம். பழைய பரிசோதனையில் குவாயாகம் என்ற மரத்தின் பிசின் தடவிய அட்டையில் மலத்தைப் பூசி, அதன்மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுவார்கள். ரத்தத்தின் ஹீம் இருந்தால் அட்டை நீலமாகும். ஆட்டிறைச்சியில் உள்ள ரத்தமும் அதை நீலமாக்கும், பச்சை முள்ளங்கியும் ஆக்கலாம். வைட்டமின் சி மாத்திரையோ வர வேண்டிய நீலத்தை வராமல் செய்துவிடும். அதனால் சில நாள் பத்தியம் இருந்து, மூன்று தனித்தனி மலத்திலிருந்து மாதிரி எடுக்கச் சொன்னார்கள். இப்போது வரும் பரிசோதனைக்கு ஃபிட் என்று பெயர். மனித ஹீமோகுளோபினின் குளோபின் புரதத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் எதிரணுக்களை இது பயன்படுத்துகிறது. நேற்று சாப்பிட்ட பிரியாணி இதில் குறுக்கே வராது. வயிற்றிலிருந்தோ சிறுகுடலிலிருந்தோ வரும் ரத்தத்தின் குளோபின் வழியிலேயே பெரும்பாலும் செரித்துவிடுவதால், ஃபிட் காட்டுவது முக்கியமாகப் பெருங்குடல், மலக்குடல் ரத்தத்தைத்தான். பத்தியம் வேண்டாம், ஒரே ஒரு மாதிரி போதும்.

பழைய அட்டையை யாரும் துல்லியமான கருவி என்று சொன்னதில்லை. ஆனாலும் இந்தத் துறையின் அடிப்படைச் சான்று அந்த அட்டையிலிருந்துதான் கிடைத்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 50 முதல் 80 வயதுக்குட்பட்ட 46,551 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும், ஒரு குழுவுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனை. மூன்றாவது குழுவுக்கு எதுவும் இல்லை. ஆண்டுதோறும் செய்த குழுவில் பெருங்குடல் புற்றால் இறப்பது 33 சதவீதம் குறைந்தது என்று 1993இல் முடிவு வந்தது. 30 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013இல் வெளியிட்ட கணக்கில் அந்தக் குழுவில் 32 சதவீதக் குறைவு, இரண்டாண்டுக் குழுவில் 22 சதவீதக் குறைவு. இரு குழுவுக்கும் ஒரே அட்டை, ஒரே ஆய்வகம். வேறுபட்டது இடைவெளி மட்டும். இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. மின்னசோட்டாவில் அட்டைமேல் ஒரு சொட்டு நீர் விட்டுச் சோதித்ததால் பாசிட்டிவ் அளவுக்கு மீறி வந்தது, நிறையப் பேர் கொலோனோஸ்கோபிக்குப் போனார்கள், காப்பாற்றியது அட்டை அல்ல, தற்செயலாகச் செய்த கொலோனோஸ்கோபிதான் என்று சிலர் வாதிட்டார்கள். அந்த வாதத்துக்கு 1996இல் வெளியான இரண்டு ஐரோப்பிய ஆய்வுகளில் விடை இருக்கிறது. இங்கிலாந்தின் நாட்டிங்காமிலும் டென்மார்க்கின் ஃபூனன் தீவிலும் நீர் விடாமல், இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டுமே சோதித்தார்கள். பாசிட்டிவ் மிகக் குறைவாகவே வந்தது. அங்கும் இறப்பு முறையே 15 சதவீதமும் 18 சதவீதமும் குறைந்தது. பலன் தற்செயலாக மட்டும் வந்திருந்தால் அங்கே இந்த அளவுக் குறைவைப் பார்த்திருக்க முடியாது.

அடுத்த மறுப்பு ஃபிட் பற்றியது. ஒருமுறை செய்யும் ஃபிட், இருக்கும் புற்றுகளில் ஏறத்தாழ நான்கில் மூன்றைத்தான் கண்டுபிடிக்கிறது. மீதி ஒரு பங்கை விட்டுவிடும் பரிசோதனையை எப்படி நம்புவது? இதைவிட நுட்பமானது இருக்கிறதே என்று அமெரிக்காவில் இருப்பவர்கள் கோலோகார்டைச் சுட்டுவார்கள். மலத்தில் உதிரும் செல்களின் டி.என்.ஏ. மாற்றத்தையும் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்க்கும் பரிசோதனை அது. மூன்றாண்டுக்கு ஒருமுறை செய்வது. 2014இல் வெளியான ஆய்வில் 9,989 பேருக்கு கோலோகார்டு, ஃபிட், கொலோனோஸ்கோபி மூன்றும் செய்து ஒப்பிட்டார்கள். புற்று இருந்தவர்கள் 65 பேர். ஃபிட் 48 பேரையும் கோலோகார்டு 60 பேரையும் பிடித்தன. பன்னிரண்டு பேர் என்பது சிறிய வித்தியாசம் அல்ல. ஆனால் மறுபக்கமும் பார்க்க வேண்டும். புற்றோ முற்றிய பாலிப்போ இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு 51 பேரை ஃபிட் வீணாகப் பயமுறுத்தியது, கோலோகார்டு 134 பேரை. செலவும் ஒன்றல்ல: கோலோகார்டுக்கு 500 டாலர் அளவில் ஆகும், ஃபிட் 20 டாலர் அளவில் முடிந்துவிடும். காப்பீடு கோலோகார்டை ஏற்று, மூன்றாண்டுக்கு ஒருமுறை என்பது வசதியாகவும் இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. ஃபிட்டின் குறையை ஈடுகட்ட இன்னொரு வழியும் உண்டு: திரும்பத் திரும்பச் செய்வது.

இங்கேதான் அந்த “அவ்வப்போது” வருகிறது. முற்றிய பாலிப்பை ஒரு ஃபிட் பிடிக்கும் வாய்ப்பு அந்த ஆய்வின்படி 24 சதவீதம்தான். நான்கு பாலிப்பில் ஒன்றைக்கூட முழுதாகப் பிடிக்காத கருவி. ஆனால் இன்று கசியாத பாலிப் அடுத்த ஆண்டு கசியலாம். ஒவ்வொரு முறையின் வாய்ப்பும் முந்தையதைச் சாராதது என்று கணக்குக்காக வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியில் அந்த 24 சதவீதம் ஏறத்தாழ 75 ஆகிவிடுகிறது. நடைமுறையில் அவ்வளவு வராது. தட்டையாகப் படரும் சில பாலிப்புகள் கசிவதே அரிது, அவற்றை எத்தனை ஃபிட் செய்தாலும் பிடிப்பது கடினம். இருந்தாலும் கணக்கின் திசை சரிதான். பாலிப் புற்றாக மாற எடுத்துக்கொள்ளும் பத்தாண்டுக் காலம் நமக்குப் பல வாய்ப்புகளைத் தருகிறது. அவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்திவிட்டு, “செய்தாயிற்று, ஒன்றுமில்லை” என்று அடுத்த உறையைக் குப்பையில் போடுபவர் இந்தப் பரிசோதனையின் மிகப் பலவீனமான வடிவத்தைத்தான் செய்திருக்கிறார்.

அப்படியானால் ஒரேயடியாகக் கொலோனோஸ்கோபி செய்துவிடலாமே என்பது படித்தவர்கள் எழுப்பும் கேள்வி. ஒரு தனிமனிதர், தானே முன்வந்து, நல்ல மருத்துவரிடம் செய்துகொண்டால் அதைவிடச் சிறந்த ஒற்றைப் பரிசோதனை கிடையாது. அதில் பாலிப்பைக் கண்டதும் அங்கேயே அகற்றிவிடலாம். ஆனால் முதல் நாள் குடலைச் சுத்தம் செய்ய வேண்டும், வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், கூட ஒருவர் வர வேண்டும். அதனால் அழைக்கப்பட்டவர்களில் பலர் வருவதில்லை. போலந்து, நார்வே, ஸ்வீடனில் நடந்து 2022இல் முடிவு வெளியான ஆய்வில் கொலோனோஸ்கோபிக்கு அழைக்கப்பட்டவர்களில் வந்தவர்கள் 42 சதவீதம். ஸ்பெயினில் கொலோனோஸ்கோபிக்கு ஒரு குழுவையும் இரண்டாண்டுக்கு ஒரு ஃபிட்டுக்கு இன்னொரு குழுவையும் அழைத்து ஒப்பிட்டார்கள். ஃபிட் குழுவில் பங்கேற்பு அதிகம். பத்தாண்டு கழித்து 2025இல் வந்த முடிவின்படி, பெருங்குடல் புற்றால் இறந்தவர்கள் கொலோனோஸ்கோபிக் குழுவில் 0.22 சதவீதம், ஃபிட் குழுவில் 0.24 சதவீதம். அந்த வேறுபாட்டை வைத்து ஒன்று மற்றதைவிட மோசம் என்று சொல்ல முடியாது. எளிமைக்கு எவ்வளவு மதிப்பு என்பதை இங்கிலாந்தின் முன்னோட்டமும் காட்டியது: பழைய அட்டையை அனுப்பியபோது 59 சதவீதம் பேர் செய்தார்கள், அதே காலத்தில் ஃபிட் அனுப்பியவர்களில் 66 சதவீதம் பேர். மூன்று நாள் மாதிரி ஒரு நாள் மாதிரியானதும் இத்தனை பேர் கூடுதலாக வந்தார்கள். கலிஃபோர்னியாவின் வடபகுதியில் கைசர் பெர்மனெண்டே என்ற மருத்துவ அமைப்பு தன் உறுப்பினர்களுக்கு ஃபிட் கிட்டைத் தபாலில் அனுப்பி, விடாமல் நினைவூட்டியது. பரிசோதனையில் விடுபடாமல் இருந்தவர்களின் விகிதம் 2000இல் 39 சதவீதமாக இருந்தது, 2015இல் 83 சதவீதத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் பெருங்குடல் புற்றால் இறப்போர் விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. சிகிச்சை மேம்பட்டதும் அங்கே கொலோனோஸ்கோபி பெருகியதும் இதில் ஒரு பங்கு வகித்திருக்கும், முழுப் பெருமையையும் தபால் உறைக்குக் கொடுக்க முடியாது. ஆனாலும் பெரும் பங்கை மறுக்கவும் முடியாது.

இனி செய்முறை. முதலில் சிறுநீர் கழித்துவிடுங்கள், மாதிரியில் அது கலக்கக் கூடாது. மலம் தண்ணீரில் விழுவதற்கு முன் பிடிக்க வேண்டும். கழுவி உலர்த்திய பழைய ஐஸ்கிரீம் டப்பா போதும், அல்லது பல மடிப்பாக மடித்த காகிதம். நம் வீடுகளில் தண்ணீர் புழக்கம் அதிகம் என்பதால் டப்பாவை ஈரமில்லாமல் பார்த்துக்கொள்வதுதான் கவனிக்க வேண்டியது. மூடியைத் திருகி எடுத்தால் வரும் குச்சியின் நுனியில் சின்னச் சின்ன வரிப்பள்ளங்கள் இருக்கும். அவை நிறையும் அளவுக்கு, மலத்தின் ஒரே இடத்தில் குத்தாமல் பல இடங்களில் கீறி எடுங்கள். ரத்தம் மலம் முழுக்கச் சீராகக் கலந்திருக்காது. அதிகம் அள்ளுவதால் பலனில்லை, கட்டியாக ஒட்டினால் அளவு தவறாக வரும். குச்சியைக் குப்பிக்குள் அழுத்தி மூடிவிட்டால் மறுபடி திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் திரவம் சிந்தினால் கிட் வீண். தேதியை மறக்காமல் எழுதுங்கள். தேதியில்லாத குப்பியை ஆய்வகம் சோதிக்காமல் ஒதுக்கிவிடலாம். எழுதிய கையோடு அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதையும். இத்தாலியின் ஃப்ளோரன்ஸ் பகுதித் திட்டத்தின் பதிவுகளில் கோடைக்காலத்துப் பாசிட்டிவ் விகிதம் குளிர்காலத்தைவிடக் குறைவாக இருந்தது கண்டறியப்பட்டது. கோடையில் புற்று குறைவதில்லை, குப்பியில் ரத்தம் குறைகிறது. ஃப்ளோரன்ஸ் வெயிலுக்கே இப்படி என்றால் காருக்குள் இரண்டு நாள் கிடக்கும் குப்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாதவிலக்கு நாட்களிலும், மூலத்திலிருந்து ரத்தம் வெளிப்படையாக வடியும் நாட்களிலும் தள்ளிப்போடச் சொல்லிப் பல கிட்களின் குறிப்பில் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஃபிட்டுக்காக நீங்களாக நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்தினால் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வரும்.

முடிவு வந்ததும் “நெகட்டிவ்” என்ற சொல்லைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். ஃபிட் உண்மையில் தருவது ஓர் எண்: ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஹீமோகுளோபின். எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ் என்பது ஒவ்வொரு நாடும் எடுக்கும் முடிவு. ஃபிட்டுக்கு மாறியபோது ஸ்காட்லாந்து 80 என்று வைத்தது, 2019இல் இங்கிலாந்து 120 என்று தொடங்கியது. நெதர்லாந்து 2014இல் திட்டத்தைத் தொடங்கிய சில மாதங்களில் 47க்கு மாற்றிக்கொண்டது. கொலோனோஸ்கோபி செய்ய எத்தனை மருத்துவர்கள் இருக்கிறார்கள் என்பதும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரே மலம் ஒரு நாட்டில் நெகட்டிவ், பக்கத்து நாட்டில் பாசிட்டிவ் ஆகலாம். ஆகவே நெகட்டிவ் என்றால் “புற்று இல்லை” என்று பொருளில்லை. “இந்த எல்லைக்கு மேல் இன்று ரத்தம் இல்லை, அடுத்த முறை மறுபடி பார்ப்போம்” என்று பொருள். இதையொட்டி ஒரு கறாரான விதி உண்டு. மலத்தில் ரத்தம் கண்ணுக்கே தெரிகிறது, மலம் கழிக்கும் பழக்கம் சில வாரமாக மாறியிருக்கிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது, ரத்தசோகை என்று சொல்லியிருக்கிறார்கள் என்றால் தபால் கிட்டுக்காகக் காத்திருக்காதீர்கள், சென்ற மாதம் வந்த நெகட்டிவைக் காட்டி உங்களையே சமாதானப்படுத்திக்கொள்ளவும் கூடாது. மருத்துவரிடம் போங்கள். பிரிட்டனில் இத்தகையவர்களுக்கும் மருத்துவர்கள் ஃபிட் கொடுக்கிறார்கள், ஆனால் அங்கே எல்லை 10 மைக்ரோகிராம். குப்பி ஒன்றுபோல் இருக்கலாம், கேள்வி வேறு.

பாசிட்டிவ் வந்தவர்களிடம் நம் ஊரில் தயாராக ஒரு விளக்கம் இருக்கிறது: “மூலம் இருக்கிறது, அதனால்தான்.” எச்சரிக்க வேண்டிய வாக்கியங்களில் இதற்கு முதலிடம். மூலம் இருப்பது உண்மையாகவே இருக்கலாம், கசிந்ததும் அதுவாகவே இருக்கலாம். ஆனால் மூலம் இருப்பவருக்குப் பாலிப் வராது என்று எந்த விதியும் இல்லை. எது கசிந்தது என்று குப்பி சொல்லாது. இன்னும் சிலர் காசு கொடுத்து இன்னொரு ஃபிட் செய்து, அது நெகட்டிவ் என்றதும் நிம்மதியடைகிறார்கள். கசிவு அவ்வப்போது மட்டும் நிகழ்வது என்பதை ஏற்றால், இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை அழிக்காது என்பதையும் ஏற்க வேண்டும். இதற்குச் சான்று இத்தாலியிலிருந்து 2022இல் வந்தது. ஃபிட் பாசிட்டிவ் ஆனவர்களைப் பத்தாண்டு கவனித்ததில், கொலோனோஸ்கோபிக்குப் போனவர்களில் ஆயிரத்துக்கு 6.8 பேர் பெருங்குடல் புற்றால் இறந்தார்கள். போகாதவர்களில் ஆயிரத்துக்கு 16 பேர். போகாதவர்கள் பொதுவாகவே உடல்நலத்தில் அக்கறை குறைந்தவர்களாக இருக்கலாம், அதுவும் கணக்கைக் கூட்டியிருக்கும். அதைக் கழித்துப் பார்த்தாலும் இது புறக்கணிக்கக்கூடிய இடைவெளி அல்ல. காலமும் முக்கியம்: பாசிட்டிவுக்குப் பிறகு பத்து மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களிடம் புற்றும், அதுவும் முற்றிய புற்றும் அதிகம் காணப்பட்டதாக 2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு சொல்கிறது. சில வாரங்களில் செய்துவிடுங்கள். வீட்டில் ஒரு கல்யாணம் முடியட்டும் என்று இரண்டு வாரம் தள்ளுவதால் குடிமுழுகாது, அந்தக் கல்யாணத்துக்குப் பின் வளைகாப்பும் முடியட்டும் என்று தள்ளுவதுதான் பிரச்சினை. பயப்படவும் அவசியமில்லை: மேலே சொன்ன 9,989 பேரில் ஃபிட் பாசிட்டிவ் ஆனவர்களில் புற்று இருந்தது ஏறத்தாழ 7 சதவீதம் பேருக்குத்தான். இன்னும் கணிசமானவர்களுக்கு முற்றிய பாலிப் இருந்தது. அகற்றினால் அத்தோடு போகும். கொலோனோஸ்கோபியால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு, மலப் பரிசோதனைக்குப் பின் செய்யும்போது பத்தாயிரத்தில் ஐந்தாறு பேருக்கு. பெரிய ரத்தக்கசிவு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. தெரிந்துகொண்டு போக வேண்டிய எண்கள் இவை, போகாமலிருக்கக் காரணமாகும் எண்கள் அல்ல.

இந்தியாவில் இருந்து இதைப் படிப்பவருக்கு நிலைமை வேறு. அரசின் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்றையே குறிவைக்கிறது. பெருங்குடல் புற்று இங்கே மேலை நாடுகளைவிட வெகுவாகக் குறைவு என்பதால் அந்த வரிசையில் நியாயம் இருக்கிறது. நோய் அரிதான இடத்தில் அதே ஃபிட்டின் பாசிட்டிவில் வீண் பாசிட்டிவின் பங்கு கூடும். அமீபாவால் வரும் சீதபேதி போன்ற தொற்றும் அதைக் கூட்டும். ஆகவே இங்கே எல்லாருக்கும் கிட் அனுப்பச் சொல்வது என் வாதமல்ல. ஆனால் சொந்த விருப்பத்தில் தனியார் ஆய்வகத்தில் செய்துகொள்ள நினைப்பவர், முதலில் எந்த முறை என்று கேட்க வேண்டும். “மலத்தில் மறைந்த ரத்தம்” என்ற ஒரே தலைப்பின்கீழ் பழைய வேதியியல் முறையும் இருக்கலாம், எதிரணு முறையும் இருக்கலாம். பழையதென்றால் பத்தியமும் மூன்று மாதிரியும் தேவை. அடுத்து, இங்கே யாரும் நினைவூட்டமாட்டார்கள். அடுத்த ஆண்டுத் தேதியையும், பாசிட்டிவ் வந்தால் எந்த மருத்துவரிடம் போவது என்பதையும் குப்பியை வாங்கும் முன்பே முடிவுசெய்ய இயலாதவருக்கு இந்தச் செலவு தேவையில்லை.

மலப் பரிசோதனையே பொருந்தாதவர்களும் உண்டு. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஒருவருக்கு, குறிப்பாக 60 வயதுக்குமுன், பெருங்குடல் புற்று வந்திருந்தாலோ, லின்ச் போன்ற பரம்பரைக் கோளாறு குடும்பத்தில் இருந்தாலோ, நீண்டகாலக் குடல் அழற்சி இருந்தாலோ, முன்பு பாலிப் அகற்றியிருந்தாலோ, அவர்களுக்கு உரியது மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் கொலோனோஸ்கோபி. மற்றவர்களுக்குத் தொடங்கும் வயது நாட்டுக்கு நாடு மாறுகிறது: ஜப்பானில் 40, 2021 முதல் அமெரிக்கப் பரிந்துரையில் 45, பிரிட்டனில் 50. முடிக்கும் வயது பெரும்பாலும் 75ஐ ஒட்டி. இங்கிலாந்தில் அதற்குப் பிறகு உறை தானாக வராது, தொலைபேசியில் கேட்டால் அனுப்புவார்கள். 76 முதல் 85 வரை அமெரிக்கப் பரிந்துரை முடிவை மருத்துவருக்கும் அவரிடம் வருபவருக்கும் விட்டுவிடுகிறது. இதுவரை ஒருமுறைகூடச் செய்யாத, நல்ல உடல்நிலையிலுள்ள 78 வயதுக்காரருக்கு அதில் பலன் இருக்கலாம். இருபது ஆண்டு தவறாமல் செய்து ஒவ்வொரு முறையும் நெகட்டிவ் வாங்கிய, இதயநோயுள்ள அதே வயதுக்காரர் நிம்மதியாக நிறுத்திக்கொள்ளலாம். பாலிப் புற்றாக மாற எடுக்கும் பத்தாண்டு அவரைப் பொறுத்தவரை அவருக்குச் சாதகமான கணக்கு.